நெருப்புத்துணி தைத்தவள்

விஜயகுமாரிக்காக நான் எழுதிய மனுக்கள் பதினொன்று. முப்பத்தோரு வருடம் போர்ட் பிளேரில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு மனு எப்படிச் சாகும், எந்த மேஜையில் சாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். இதையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபப்படாமல் இந்தக் கதையைச் சொல்ல முடிகிறவர் யாராவது இருந்தால் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

லம்பா லைனில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவள் வீடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஐந்து வயதில் கப்பலில் வந்து நிகோபாரின் கட்சால் தீவில் இறங்கியவள். அப்பாவும் அம்மாவும் அங்கே அரசாங்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தித் தையல் கற்றுக்கொண்டாள். இருபத்தொரு வயதில் யோகராஜைக் கட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்தாள். அவன் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் லஸ்கர், கடைநிலை மாலுமி. மாதத்தில் பாதி நாள் கடலில். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவள் அவள். 1993இல் வேலை தேடிக் கப்பல் பட்டறை ஒன்றில் போய் நின்றாள்.

அந்தப் பட்டறையின் பெயரை எழுதினால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும். அதனால் பட்டறை என்றே சொல்கிறேன். கப்பல்களுக்கும் படகுகளுக்கும் என்ஜின் ரிப்பேர், வெல்டிங் எல்லாம் பார்க்கும் தனியார் இடம். வெல்டர்களுக்குக் கையுறை, ஏப்ரன், தலைக்கு முக்காடு, கொதிக்கிற குழாய்களுக்கு உறை, இதெல்லாம் தைக்க அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. தகர ஷெட் ஒன்றைக் காட்டி, மிஷின் ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

துணி மெயின்லாண்டிலிருந்து சுருள் சுருளாகக் கப்பலில் வரும். அழுக்கு வெள்ளை நிறம். கையில் எடுத்தால் நல்ல கனம், தொட்டால் சொரசொரப்பு. பட்டறையில் எல்லாருக்கும் அது ‘ஆக் கா கப்டா’. நம் ஆட்கள் நெருப்புத்துணி என்பார்கள். தமிழில் அதற்குக் கல்நார் என்று பெயர் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பெயரும் உண்டு. அந்த இரண்டு பெயரையும் அவளிடம் அங்கே ஒருவரும் சொன்னதில்லை. கூரைக்குப் போடுகிற ஷீட்டில் இருப்பதும் தன் மடியில் கிடப்பதும் ஒரே சாமான் என்று அவளுக்குத் தெரிந்தபோது வயது ஐம்பத்தொன்று.

ஸ்டோர்கீப்பர் ஆவுடையப்பன் திருநெல்வேலிக்காரர். முதல் நாளே ஒரு துண்டை வெட்டி கேஸ் தீயில் காட்டினார். துணி சிவந்தது. தீயை எடுத்ததும் பழையபடி வெள்ளையானது. ஒரு நூல் கருகவில்லை.

“பாத்தியாம்மா? அக்கினி பகவானே தோத்துட்டாரு” என்றார்.

அவளுக்கு அந்தத் துணி மேல் மரியாதை வந்துவிட்டது. வெட்டும்போது மாவு மாதிரி தூள் பறக்கும். ஷெட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் வருடத்தில் எட்டு மாதம் மழைக்குப் பயந்து மூடிக் கிடக்கும். சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொள்வாள். சாயங்காலம் கிளம்பும்போது தலையும் புருவமும் வெளுத்திருக்கும். வீட்டு வாசலில் நின்று சேலையை உதறிவிட்டு உள்ளே போவாள். 1995இல் சுதா பிறந்தாள். மூன்றாவது மாதமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வெட்டிப்போட்ட துண்டுகளைக் குவித்து, மேலே பழைய சேலையை விரித்து, அதில் படுக்க வைப்பாள்.

“மெத்துன்னு இருக்கும் சார். புள்ள அசந்து தூங்கும்” என்று பின்னாளில் மனு எழுத உட்கார்ந்தபோது என்னிடம் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

அந்தத் துணியால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2001இல் பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்த கப்பல் ஒன்றின் என்ஜின் அறையில் தீப் பிடித்தது. வெல்டிங் பொறி எண்ணெயில் விழுந்துவிட்டது. கீழே ஏழு பேர். டீசல் வால்வை மூடாவிட்டால் கப்பலே வெடிக்கும். முத்துகிருஷ்ணன் என்ற வெல்டர், ராமநாதபுரத்துப் பையன், அப்போது இருபத்தைந்து வயது. விஜயகுமாரி தைத்த முக்காட்டையும் ஏப்ரனையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு தீக்குள் போய், சிவந்து கிடந்த வால்வைக் கையால் பிடித்துத் திருகி மூடினான். ஏழு பேரும் மேலே வந்தார்கள். அவன் விரல் பத்தும் பத்திரமாக இருந்தன.

மறுநாள் அவன் வீடு தேடி வந்து அவள் காலில் விழுந்தான். “அக்கா, இது நீங்க போட்ட உசுரு” என்றான். ஒரு சேலை வாங்கி வந்திருந்தான். அன்றிலிருந்து அவள் இரட்டைத் தையல் போட ஆரம்பித்தாள். ஒரு தையல் விட்டுப்போனால் ஒருத்தன் கை போய்விடும் என்று பொழுது சாய்ந்த பிறகும் உட்கார்ந்து தைத்தாள். பட்டறை அவளை ஒருநாளும் ஊழியராகப் பதிவு செய்யவில்லை. தைத்துக் கொடுக்கிற பொம்பளை, அவ்வளவுதான்.

2004 சுனாமியில் கட்சாலில் இருந்த அப்பா, அம்மா, தம்பி மூவரையும் கடல் கொண்டுபோனது. உடல் ஒன்றும் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். உடைந்த கப்பல்களும் படகுகளும் பட்டறையில் வரிசை கட்டி நின்றன. அடுத்த இரண்டு வருடம் மூச்சுவிட நேரமில்லாமல் தைத்தாள்.

2006வாக்கில் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. வெல்டர்களின் பழைய கையுறைகள் கிழிந்தால் ஒட்டுப் போடுவதும் அவள் வேலைதான். அதுவரை ஆண்கள் யார்டிலேயே அவற்றைச் சுவரில் அடித்து, உதறிச் சுத்தம் செய்து கொடுப்பார்கள். திடீரென்று உதறாமல் கோணிப்பையில் கட்டி அப்படியே ஷெட்டுக்குள் போட ஆரம்பித்தார்கள். சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டாள். மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றாக மிஷின் காலில் அடித்து, அவளே உதறினாள்.

2010இல் மெயின்லாண்டிலிருந்து வேறு வகைக் கையுறைகள் தைத்தே வந்து இறங்கின. இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது ஆவுடையப்பன் மிச்சத் துணி இரண்டு சுருளைத் தூக்கிக் கொடுத்தார்.

“பதினேழு வருசம் உழைச்சிருக்க. எடுத்துட்டுப் போம்மா, அடுப்படிக்கு ஆகும்” என்றார்.

தூக்கி எறிய இடமில்லாத விஷத்தைத் தானமாகக் கொடுத்தனுப்பினார்கள். அவளும் மனசாரத் தைத்து லம்பா லைனில் தெரிந்த வீட்டுக்கெல்லாம் பாத்திரம் பிடிக்கும் துணி கொடுத்தாள். என் மனைவி பொன்னம்மா பன்னிரண்டு வருடம் அதைப் பிடித்துத்தான் சோறு வடித்தாள்.

2019இல் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு வறட்டு இருமல். ஒரு டாக்டர் ஆஸ்துமா என்றார். இன்னொருவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு டிபி என்றார். சளியில் கிருமி இல்லை என்று மூன்று தடவை ரிப்போர்ட் வந்தும் ஆறு மாதம் டிபி மாத்திரை விழுங்க வைத்தார்கள். கண் மஞ்சளாகி, எலும்பும் தோலுமானாள். ‘டிபிக்காரி’ என்று அக்கம்பக்கத்தில் அவள் வீட்டு டம்ளரைத் தொடாமல் இருந்தார்கள். அவர்களில் நாங்களும் உண்டு.

2022இல் ஷீலா என்ற டாக்டர் புதிதாக மாற்றலாகி வந்தார். சின்ன வயதுதான். ஸ்டெத்தை முதுகில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனியெல்லாம் உருண்டு வீங்கியிருந்தது.

“அம்மா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?” என்று கேட்டார்.

மூன்று வருடத்தில் எத்தனையோ டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பொம்பளைக்கு என்ன வேலை இருந்திருக்கப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். அவள் நெருப்புத்துணியைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுத்து வந்த பிறகு ரிப்போர்ட் கேட்கத் துணைக்கு நானும் போனேன். டாக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். “அந்தத் துணி கல்லுல இருந்து எடுத்த நார். கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி உடையும். மூச்சுல உள்ள போனா அதோட சரி, வெளிய வராது, கரையாது. தீயாலயே ஒண்ணும் பண்ண முடியலை, உங்க உடம்பு என்ன பண்ணும்? அதைச் சுத்தித் தழும்பு கட்டிக்கிட்டே போகும். உங்க நுரையீரல் பஞ்சு மாதிரி இருக்கணும். இப்ப தேங்கா மட்டை மாதிரி இருக்கு. தைச்ச உடனே தெரியாதும்மா. இருபது வருசம், முப்பது வருசம் கழிச்சுத்தான் காட்டும்.”

“இதுக்கு மருந்து?”

“இருக்கறதைக் காப்பாத்தலாம். போனது வராது.”

அவள் தன்னைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. “எம்மக அது மேலதான் தூங்குவா டாக்டர்” என்றாள். ஏர்போர்ட்டில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கும் சுதா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்து, வருடா வருடம் படம் எடுக்க வேண்டும் என்றார். எத்தனை வருடத்துக்கு என்று சுதா கேட்டாள். டாக்டர் முதல் படத்துக்கான சீட்டை எழுத ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தோம். தொழிலால் வந்த நோய், நஷ்ட ஈடு வேண்டும் என்று பட்டறைக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் மனுப் போட்டோம். ஐந்து மாதம் கழித்துப் பட்டறையிலிருந்து நான்கு வரியில் பதில் வந்தது. மேற்படி பெண் எங்கள் ஊழியர் அல்ல. எங்கள் பணிமனையில் ஆஸ்பெஸ்டாஸ் எக்காலத்திலும் பயன்படுத்தப்படவில்லை. நான் என் வீட்டு அடுப்படியிலிருந்து பாத்திரத் துணியை எடுத்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று ரிப்போர்ட் வந்தது. அதை வைத்து மறுபடி எழுதினோம். இந்தத் துணி எங்களுடையது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். ஆவுடையப்பன் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, செத்தும் போயிருந்தார். மிச்சம் இருந்தது முத்துகிருஷ்ணன்.

அவன் இப்போது அந்தப் பட்டறையில் போர்மேன். மரைன் ஹில்லில் வீடு. ஆட்டோ ஏறமுடியாத ஒரு படிக்கட்டுப் பாதையில் போகவேண்டும். விஜயகுமாரி ஐந்து இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். நான் போய் அவனைக் கீழே அழைத்து வருகிறேன் என்றதற்கு, “வேணாம் சார். அவன் என் வீடு தேடி வந்தவன். நான் அவன் வீடு தேடிப் போறேன்” என்றாள்.

அவன் மனைவி அகிலா தண்ணீர் கொண்டுவந்தாள். முத்துகிருஷ்ணன் விஜயகுமாரியைப் பார்த்ததும் அதிர்ந்துதான் போனான். விஷயத்தைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

“அக்கா, அந்தத் துணி இல்லன்னா நான் இன்னிக்கி இல்ல. எம்புள்ளைங்க இல்ல. அதப் போயி விஷம்னு என்னைச் சொல்லச் சொல்றீங்களா?”

“விஷம்னு சொல்ல வேணாம்ப்பா. அந்தத் துணி அங்க இருந்துச்சு, நாந்தான் தச்சேன்னு சொல்லு. அது போதும்.”

“இன்னும் பத்து வருசம் சர்வீஸ் இருக்குக்கா.”

“எனக்கு எத்தன வருசம் இருக்குன்னு நெனைக்கிற?”

அகிலாதான் பேசினாள். “அக்காகிட்ட அந்த கேண்டீன் மீட்டிங்கைச் சொல்லுங்க. டிபி மாத்திரை சாப்பிடுறாங்கன்னு கேள்விப்பட்ட அன்னிக்கி எங்கிட்டச் சொல்லித் தலையில அடிச்சுக்கிட்டீங்கள்ல, அதச் சொல்லுங்க.”

அவன் அவளை முறைத்தான். அகிலா அசையவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“2006ல மெயின்லாண்டுல இருந்து ஒரு சேஃப்டி ஆபீசர் வந்தாரு. ஆம்பளைங்க எல்லாரையும் கேண்டீன்ல கூட்டி வச்சாங்க. பழைய கிளவுஸ இனிமே யார்டுல யாரும் உதறக்கூடாது, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாதுன்னாங்க. அப்ப எங்கதான் உதறுறதுன்னு ஒருத்தன் கேட்டான்.”

“என்ன சொன்னாங்க?” என்று நான் கேட்டேன்.

“தையல் ஷெட்டுக்கு அனுப்பிடுங்கன்னாங்க.”

நான் விஜயகுமாரியைப் பார்த்தேன். மூச்சு மட்டும் விசில் மாதிரி போய்வந்துகொண்டிருந்தது.

“நீ அந்தக் கூட்டத்துல இருந்தியா?”

“இருந்தேன்க்கா.”

“அப்புறம் அந்த மூட்டையைத் தூக்கிட்டு வந்து ஷெட்டுல போட்டது யாரு?”

“பாதி நாள் நாந்தான்.”

தண்ணீர் டம்ளரை அவள் தரையில் வீசி அடித்தாள். அவளுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“ஒம்பது மணிக்கு வருவியேடா! அக்கா சாப்டீங்களான்னு கேப்பியே! நான் கிளவுசு தச்சு ஒங்கைய எரியாம வச்சேன். நீ எந்நெஞ்சுல கொண்டாந்து கொட்டிட்டு சாப்டீங்களான்னு கேட்ருக்க! ஒரு வார்த்தை... வாயத் தொறந்து ஒரே ஒரு வார்த்தை, அக்கா வெளிய வச்சு உதறுங்கன்னு சொல்லக்கூடாதா? ஜன்னலத் தொறந்து வைங்கன்னு சொல்லக்கூடாதா? அதுக்குமாடா ஒஞ்சர்வீஸ் போயிரும்?”

இருமல் வந்து அவளை மடக்கியது. கால் மணி நேரம் ஆனது அடங்க. அகிலா முதுகைத் தடவினாள். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கீழே ரோட்டுக்கு வந்ததும், “சார், மனுல இதையும் சேத்து எழுதுங்க” என்றாள். எழுதினேன். ஆண்களின் நெஞ்சைக் காப்பாற்றத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு. தூசி கெட்டது என்று தெரிந்திருக்கிறது. ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அதை மாற்றிவிட்டால் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் டீயும் சமோசாவும்கூடக் கொடுத்திருப்பார்கள்.

2024 பிப்ரவரியில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. முத்துகிருஷ்ணன் வரமாட்டான் என்றுதான் நினைத்தோம். பதினொன்றரைக்கு அகிலா முன்னால் வர, பின்னால் அவன் வந்தான். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, ஹிந்தியில் சொன்னான். துணி வந்தது, அவள் தைத்தது, கேண்டீன் கூட்டம், மூட்டை, எல்லாவற்றையும் சொன்னான். தான் சுமந்ததையும் மறைக்கவில்லை.

பட்டறை வக்கீல் எழுந்தார். “அந்தத் துணிதானே தீயில் உங்கள் உயிரைக் காப்பாற்றியது?”

“ஆமாம்.”

“அப்படியானால் அது நல்ல துணிதானே?”

“நல்ல துணிதான் சாப். எங்களுக்கு” என்றான். “அதைத் தைத்தவங்களைப் பாருங்க.”

அதிகாரி பார்த்தார். விஜயகுமாரி மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நேராக உட்கார்ந்திருந்தாள்.

நான்கு மாதத்தில் உத்தரவு வந்தது. அவள் தொழிலாளிதான், நோய் வேலையால் வந்ததுதான் என்று எழுதியிருந்தது. பட்டறை மேல்முறையீடு செய்தது. இப்போது அது ஐகோர்ட்டில் கிடக்கிறது. முத்துகிருஷ்ணனின் சர்வீஸ் உத்தரவு வந்த மாதமே முடித்துவைக்கப்பட்டது. ஒரு துறைமுக ஒப்பந்தக்காரரிடம் வெல்டிங் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருகிறான். யோகராஜ் வாங்கி உள்ளே வைப்பான். அவனை மன்னித்துவிட்டாயா என்று சுதா அவளிடம் ஒருமுறை கேட்டாள். “மீனு வாங்கிக்கிறேன், அவ்ளோதான்” என்றாள்.

பாத்திரத் துணிகளை லம்பா லைன் முழுக்க வீடு வீடாகப் போய்த் திரும்பக் கேட்டு வாங்கியது அவள்தான். ஒவ்வொரு வாசலிலும் மூச்சு வாங்க நின்று, “நாந்தான் குடுத்தேன், தெரியாமக் குடுத்துட்டேன்” என்றாள். இருபத்துமூன்று வீட்டில் பதினாறு கிடைத்தது. தூசி பறக்காமல் நனைத்து, இரட்டைப் பையில் கட்டி, ஒப்படைக்க இடம் தேடி நாங்கள் ஏறி இறங்கிய அலுவலகங்களைப் பற்றி எழுதினால் அது தனிக்கதை.

போன மாதம் அபர்டீன் பஜாருக்கு அவளைச் சுதா அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். ஒரு ஹார்ட்வேர் கடை வாசலில் அவள் நின்றுவிட்டாள். கயிற்றில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன அழுக்கு வெள்ளைக் கையுறைகள். புத்தம் புதுசு. எச்சரிக்கை வாசகம் ஒன்றும் இல்லை. ஒருவர் ஒன்றை மாட்டி, விரலை மடக்கி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். விஜயகுமாரி கிட்டப் போய்த் தையலைத் தடவிப் பார்த்தாள்.

“ஒத்தத் தையல்” என்றாள். பிறகு அந்த மனிதரிடம், “பாய்சாப், இஸ்கோ உதாரோ” என்று அதைக் கழற்றச் சொல்லிக் கத்தினாள்.

கடைக்காரர் ஓடிவந்தார். “அம்மா, நாங்க திருட்டுச் சாமான் விக்கல. இதுக்குத் தடை ஒண்ணும் கிடையாது.”

அவர் சொன்னது உண்மை. கூரையாகவும் கையுறையாகவும் இன்னும் விற்கலாம். பக்கத்தில் அதே சூட்டைத் தாங்கும் வேறு வகையும் தொங்கியது, கொஞ்சம் விலை கூட.

அவள் கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னாள், தமிழில் ஒரு தடவை, ஹிந்தியில் ஒரு தடவை. நடுவில் மூச்சுக்கு நிறுத்தினாள், மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஒரு மணிக்குக் கடைக்காரர் கொத்தை அவிழ்த்து உள்ளே எடுத்துப் போனார். மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். வாசலில் தொங்கிக்கொண்டிருந்தன. அவளிடம் சொன்னேன். அன்றே போய் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும்.

இப்போது கையுறைகள் வாசலில் இல்லை. உள்ளே, கீழ்த் தட்டில் இருக்கின்றன. கேட்டால் எடுத்துத் தருகிறார்கள்.